பென்டிரைவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்: 27 இன்ச் மானிட்டரோடு எட்டு மாதம்

சேலம் அம்மாபேட்டையில் ஜக்கார்டு டிசைன், அதாவது தறியில் நெய்யும் பூவேலைக்கான வரைபடம், போடுவது என் தொழில். பட்டுச் சேலைக்கும் வேட்டிக்கும் கரை, புட்டா, முந்தி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, அதைப் பார்த்துத் தறிக்கான துளை அட்டை குத்துகிறவரிடம் கொடுப்பேன். ஒரு நாளில் பத்து மணி நேரம் திரையைப் பார்த்தபடியே போகும். அதனாலேயே தெரிந்தவர்கள் "நல்ல மானிட்டர் ஒன்னு சொல்லுங்க" என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வேலைக்கு?" என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ளாமல் மாடல் பெயர் சொன்னால் கேட்கிறவர் காசு போகும். என் காசு அப்படித்தான் ஒரு முறை போனது.

இப்போது எட்டு மாதமாக என் மேஜையில் இருப்பது பென்க்யூ பிடி2705க்யூ. 27 இன்ச், ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை வகை), 2560க்கு 1440 புள்ளி (பிக்சல்), அதாவது க்யூஎச்டி. இதைப் பற்றி எழுத வேண்டும் என்றால் இதற்கு முன்னால் இருந்ததைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

பழைய 19 இன்ச் மானிட்டர் உயிரை விட்டதும், பெரிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். அங்கே 27 இன்ச் வளைந்த மானிட்டர் ஒன்றில் கடல், பஞ்சவர்ணக்கிளி, ஓடும் கார் என்று ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, கண்ணைப் பறித்தது, விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது, எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து டிசைனைத் திறந்த பிறகுதான் தெரிந்தது, அது ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080 புள்ளி. திரை பெரிதான அளவுக்கு, அதில் தெரியும் கட்டங்களின் எண்ணிக்கை கூடவில்லை.

கணக்கைச் சொல்கிறேன், நெசவு தெரியாதவர்களுக்கும் புரியும். 240 கொக்கி (பாவு நூலைத் தூக்குபவை) வைத்த ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் போட்டால் குறுக்கே 240 கட்டம் வரும். ஒரு கட்டத்துக்குத் திரையில் 8 புள்ளியாவது கொடுத்தால்தான் கண்ணை இடுக்காமல் எண்ண முடியும். 240ஐ 8ஆல் பெருக்கினால் 1920. ஃபுல் எச்டி திரையின் அகலமும் அதே 1920 புள்ளி. அப்படியென்றால் டிசைன் மட்டும்தான் திரையில் நிற்கும், வண்ணப் பெட்டிக்கும் டூல்பாருக்கும் இடமே இல்லை. 21 இன்ச்சில் வாங்கினாலும் இதே நிலைமை, 27 இன்ச்சில் வாங்கினாலும் இதே நிலைமை, ஏனென்றால் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், பெரிய திரையில் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் குண்டாக இருக்கும், அவ்வளவுதான். க்யூஎச்டியில் அகலம் 2560. கட்டத்துக்கு 10 புள்ளி கொடுத்தாலும் 2400 போக இன்னும் 160 புள்ளி மிச்சம். அந்த 160 புள்ளியில் என் வண்ணப் பெட்டி முழுதாக உட்கார்ந்துகொள்கிறது. நான் இந்த மானிட்டருக்கு மாறியதற்கு முதல் காரணம் அந்த ஓரத்து 160 புள்ளி.

இடம் போதாததை எப்படியோ சமாளித்திருப்பேன். நிறத்தில்தான் அடி விழுந்தது. அந்த வளைந்த மானிட்டர் விஏ என்கிற இன்னொரு வகைப் பேனல். விஏவில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், இருட்டு அறையில் படம் பார்க்க அருமை. ஆனால் நேராக உட்கார்ந்து பார்க்கும்போது மிக அடர்ந்த நிறங்கள் கறுப்போடு ஒட்டிக்கொள்ளும், தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் திடீரென்று பிரிந்து தெரியும். நான் அரக்கு நிறத்தில் ஒரு மாங்காய் புட்டா போட்டுக்கொண்டிருந்தேன், கட்டு விழ வேண்டிய இடங்களை, அதாவது மேலே ஓடும் இழையைத் துணியோடு பிடித்துக்கொள்ளும் இடங்களை, கறுப்பில் குறித்திருந்தேன். ஒரே ஒரு இடத்தில் கறுப்புக்குப் பதில் அரக்கு விழுந்திருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தும் என் கண்ணுக்குப் படவில்லை. அட்டை குத்தி, தறியில் ஏற்றி, ஒன்றரை மீட்டர் நெய்த பிறகு சித்தப்பா போன் செய்தார். சொந்தச் சித்தப்பா இல்லை, அப்பாவோடு ஒன்றாகத் தறி ஓட்டியவர். "கண்ணு, புட்டாவுக்குள்ள ஒரு இழை கட்டுப்படாம மேலயே நிக்குது பாரு, கொலுசுல மாட்டுனா இழுத்துட்டு வந்துரும்" என்றார். அட்டை ஒன்றை மட்டும் மாற்றிக் குத்தினால் போதும், ஆனால் நெய்த ஒன்றரை மீட்டர் போனது போனதுதான். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வளைவும் எனக்கு ஒத்துவரவில்லை. நேர்க்கோடாகப் போக வேண்டிய கரை, திரையின் மேல் விளிம்பில் லேசாக வளைந்து தெரிந்தது. பழகிவிடும் என்றார்கள், ஆறு மாதம் ஆகியும் பழகவில்லை. விளையாடுகிறவர்களுக்கும், மிக அகலமான திரை வைத்திருப்பவர்களுக்கும் வளைவு சுகமாக இருக்கலாம். கோடு போடுகிறவர்கள் தட்டையான திரையே எடுங்கள்.

சரி, இரண்டாவது முறை எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன், இந்தப் பதிவில் உங்களுக்குப் பயன்படப் போவது இந்தப் பகுதிதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு பென்டிரைவில் ஐந்து கோப்புகளைப் போட்டுக்கொண்டேன். முதலாவது என் சொந்த டிசைன், பெரிதாக்காமல் ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற அளவில். இரண்டாவது, வெள்ளைக்குப் பக்கத்து நிறங்கள்: சுத்த வெள்ளை, அதைவிட ஒரு இழை மங்கலான வெள்ளை, பால் வெள்ளை, வெளிர் சந்தனம் என்று பட்டை பட்டையாக. சேலம் வெண்பட்டு வேட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவேதான் மொத்த அழகும் இருக்கிறது. மலிவான பேனலில் இந்த நான்கு பட்டையும் ஒரே சுண்ணாம்பாகத் தெரியும். மூன்றாவது, அதே மாதிரி கறுப்புக்குப் பக்கத்து நிறங்கள், அரக்கு, கரும்பச்சை, கருநீலம். நான்காவது, சின்ன எழுத்தில் ஒரு பக்கம் தமிழ். ஐந்தாவது, திரை முழுக்கச் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து வெற்றுப் படங்கள், செத்த புள்ளி, அதாவது வேலை செய்யாத புள்ளி, இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

தமிழ்ப் பக்கம் எதற்கு என்றால், ஆங்கில எழுத்து நன்றாகத் தெரியும் திரையில்கூடத் தமிழ் எழுத்து குழம்பும். ண, ன, ணை, னை இவற்றின் சுழிகளைப் பாருங்கள். சின்ன எழுத்தில் ஒவ்வொரு சுழிக்கும் இரண்டு மூன்று புள்ளிதான் கிடைக்கும், புள்ளி குண்டாக இருந்தால் மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றாகக் கலந்துவிடும், மெய்யெழுத்தின் மேல் இருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நாள் முழுக்கத் தமிழில் டைப் செய்கிறவர்கள், பத்திர எழுத்தர்கள், அழைப்பிதழ் போடுகிறவர்கள், ஆசிரியர்கள், நீங்கள் எல்லாரும் இந்த ஒரு சோதனையை மட்டும் செய்தாலே போதும்.

இங்கே ஒரு அளவைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இன்ச்சில் எத்தனை புள்ளி என்பதுதான் தெளிவைத் தீர்மானிக்கிறது. 24 இன்ச் ஃபுல் எச்டியில் சுமார் 92 புள்ளி வரும், சாதாரண வேலைக்கு நன்றாகவே இருக்கும். 27 இன்ச் ஃபுல் எச்டியில் அது சுமார் 82க்கு இறங்கிவிடும், எழுத்தின் ஓரம் பிசிறு தட்டும். 27 இன்ச் க்யூஎச்டியில் சுமார் 109. அதே க்யூஎச்டியை 32 இன்ச்சில் எடுத்தால் மறுபடியும் 92தான். 27 இன்ச் 4கே (3840க்கு 2160 புள்ளி) என்றால் 163. 27 இன்ச் ஃபுல் எச்டியைத் தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க மட்டும் எடுக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து படிக்கிற வேலைக்கு வேண்டாம்.

ஐந்து ரோடு பக்கம் இரண்டு கடை, நான்கு ரோடு பக்கம் ஒன்று, எல்லாம் ஒரே சனிக்கிழமை. முதல் கடையில் பென்டிரைவ் போட விடவில்லை. வைரஸ் பயம் இருக்கும், அதைத் தப்பு சொல்ல முடியாது, ஆனால் பதிலுக்கு அவர்கள் காட்டியது மறுபடியும் அதே மாதிரி ஒரு கிளி வீடியோ. இரண்டாவது கடையில் வைத்திருந்த எல்லா மானிட்டருக்கும், ஒரே படத்தைப் பல திரைக்குப் பிரித்து அனுப்பும் ஒரு ஸ்ப்ளிட்டரிலிருந்து இணைப்பு கொடுத்திருந்தார்கள், அதனால் க்யூஎச்டி மானிட்டரிலும் ஃபுல் எச்டி படம்தான் போய்க்கொண்டிருந்தது. இதை யாரும் கவனிப்பதில்லை. காட்சிக்கு வைத்த மானிட்டரில் மவுஸை வலது கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்கில் அந்த மானிட்டரின் முழு அளவு போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு மதிப்பிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல மானிட்டரே மங்கலாகத் தெரிந்து நீங்கள் வேண்டாம் என்று திரும்பிவிடுவீர்கள்.

மூன்றாவது கடையில் ஒரு பையன் இருந்தான், இருபத்திரண்டு வயது இருக்கும். "அண்ணா, பென்டிரைவ ஸ்கேன் பண்ணிட்டுப் போட்டுக்கலாம், உக்காருங்க" என்றான். ஒவ்வொரு மானிட்டருக்கும் கேபிளைத் தனித்தனியாக மாற்றி மாற்றிப் போட்டான். என் வெள்ளைப் பட்டைகளைப் பார்த்துவிட்டு, "இதுல நாலு இருக்குதுங்களா? எனக்கு ரெண்டுதான் தெரியுது" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சாதாரண 24 இன்ச். அடுத்ததாக பிடி2705க்யூவில் போட்டதும் அவனே திரைக்குக் கிட்டே வந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினான். எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

கடைக்காரர்கள் சொல்லும் வார்த்தைகளில் நிறத்துக்கு முக்கியமானது ஒன்றுதான், எஸ்ஆர்ஜிபி (கம்ப்யூட்டர் திரைகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் நிற வரம்பு) எத்தனை சதவீதம் என்பது. சில மானிட்டர், லேப்டாப் விளம்பரங்களில் '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று, பழைய டிவி காலத்து நிற வரம்பை வைத்துப் போட்டிருப்பார்கள். அது எஸ்ஆர்ஜிபி அளவில் மூன்றில் இரண்டு பங்குகூட முழுதாக வராது, சிவப்பெல்லாம் செங்கல் மாதிரி தெரியும். '72 சதவீதம் என்டிஎஸ்சி' என்றால் கிட்டத்தட்ட முழு எஸ்ஆர்ஜிபி. பிடி2705க்யூவில் எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், தொழிற்சாலையிலேயே நிறம் சரிபார்த்த அறிக்கை ஒன்றும் பெட்டிக்குள் தாளாக வருகிறது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், எவ்வளவு நல்ல மானிட்டரும் நூல் ஆகாது. மானிட்டர் தானே வெளிச்சம் விடுகிறது, பட்டு தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டுகிறது. அதுவும் பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம் என்றால் சேலையை அசைக்க அசைக்க நிறம் மாறும், அதைத் திரையில் கொண்டுவரவே முடியாது. அதனால் நான் சாய வேலைக்குத் திரை நிறத்தை ஒருநாளும் அனுப்புவதில்லை. எஸ்ஆர்ஜிபி மோடில் வைத்து, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம், நூல் கண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். நல்ல மானிட்டர் வந்த பிறகு அந்த இரண்டும் நெருங்கி வருகின்றன, வாடிக்கையாளரிடம் "திரையில் பார்த்ததைவிட நூலில் கொஞ்சம் அடர்த்தியாக வரும்" என்று நம்பிக்கையோடு சொல்ல முடிகிறது. முன்பெல்லாம் எந்தப் பக்கம் மாறும் என்றே சொல்ல முடியாது.

"4கே ஏன் எடுக்கவில்லை?" என்று பலர் கேட்டார்கள். 4கே பார்க்க அழகு, எழுத்து அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 27 இன்ச்சில் 4கே என்றால் எல்லாம் பொடியாகத் தெரியும், விண்டோஸில் 150 சதவீதம் என்று பெரிதாக்கித்தான் பயன்படுத்த வேண்டும். புதிய சாஃப்ட்வேர்கள் அதற்கு ஒத்துழைக்கும். எங்கள் தொழிலில் ஓடுகிற பழைய சாஃப்ட்வேர்கள் ஒத்துழைக்காது, ஒன்று பட்டன்கள் எறும்பு மாதிரி சிறுத்துவிடும், இல்லையென்றால் மொத்த ஜன்னலும் மங்கலாக இழுபடும். கட்டம் மங்கினால் எங்களுக்கு வேலையே இல்லை. கணக்கு சாஃப்ட்வேர், பழைய பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்களும் 4கே எடுக்கும் முன் அதைப் பெரிதாக்கி ஓட்டிப் பார்த்துவிடுங்கள். வீடியோ எடிட்டிங், போட்டோ வேலை, நாளெல்லாம் படிப்பது, எழுதுவது, இவற்றுக்கு 4கே தாராளமாக எடுக்கலாம்.

அப்புறம் கேபிள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு வாழ்க்கையில் பாதிக் குழப்பம் இதில்தான் வந்தது. சாதா நெசவை டிசைனில் போட்டால் ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் வெள்ளை, அடுத்த வரியில் மாறி, சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். பழைய 19 இன்ச் மானிட்டரில் இதைத் திறந்தால் திரை நடுங்கும், இடையிடையே சாம்பல் பட்டைகள் ஓடும். மானிட்டர் கெட்டுவிட்டது என்றே வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். குற்றம் விஜிஏ கேபிளில். அந்தக் கேபிளில் படம் புள்ளியாகப் போவதில்லை, மின்னழுத்த அலையாகப் போகிறது, மானிட்டர்தான் அதைத் திரும்பப் புள்ளியாக வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டு அரைப் புள்ளி தள்ளி விழுந்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகிவிடும். எச்டிஎம்ஐயிலோ டிஸ்ப்ளேபோர்ட்டிலோ இந்தத் தொல்லை கிடையாது. நீல நிற முனை வைத்த விஜிஏ கேபிளை இன்னும் புது மானிட்டரில் மாட்டிக்கொண்டிருப்பவர்கள், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், மானிட்டர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

க்யூஎச்டி எடுக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றின் எச்டிஎம்ஐ வழியில் 1920க்கு 1200க்கு மேல் போகாது. என் சிபியுவும் அந்த வகைதான். நல்லவேளை அதில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தது, அதில் போட்டதும் முழு 2560 வந்தது. உங்கள் சிபியுவின் பின்பக்கத்தை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எட்டு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதன் ஸ்டாண்டு. மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், 90 டிகிரி திருப்பி நெட்டுக்குத்தாக நிறுத்தலாம். முந்தி டிசைன் நீளமாகப் போகும். திரையை நிமிர்த்தி வைத்தால் அகலம் 1440 புள்ளி, 240 கட்டத்துக்கு ஆறாறு புள்ளி கொடுத்தால் சரியாக 1440, ஒரு புள்ளி கூடாமல் குறையாமல் பொருந்துகிறது. உயரத்தில் நானூறு ஊடைக்கு மேல் ஒரே பார்வையில் தெரிகிறது. முன்பு மேலும் கீழும் உருட்டி உருட்டிப் பார்த்ததை இப்போது ஒரு சுவரோவியம் மாதிரி மொத்தமாகப் பார்க்கிறேன். முதல் நாள் இப்படி நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோது என் சொந்த டிசைனில் ஒரு கொடி லேசாக இடது பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் டிசைன் அது.

உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டு என்றால் அடியில் புத்தகம் அடுக்கிக்கொள்ளலாம், அல்லது பின்பக்கம் 100க்கு 100 மில்லிமீட்டர் இடைவெளியில் வெசா துளை (மானிட்டரை மாட்டும் திருகுத் துளைகள்) இருந்தால் சுவர் கை போட்டுக்கொள்ளலாம். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக அல்லது கொஞ்சம் கீழே, தூரம் ஒரு கை நீளம். கழுத்து வலிக்கு மருந்துக் கடைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

குறை என்று பார்த்தால், இது 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறைதான் படம் புதுப்பிக்கப்படும். இப்போது சாதாரண ஆபீஸ் மானிட்டர்களே 100 ஹெர்ட்ஸில் வருகின்றன, பக்கத்தை உருட்டும்போது அவை வழுக்கிக்கொண்டு போகும். என் வேலைக்குத் தேவைப்படவில்லை, ஆனால் விளையாடுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும், அது ஐபிஎஸ் பேனலின் பொதுவான குணம், பின்னால் ஒரு சின்ன விளக்கு போட்டுக்கொண்டால் கண்ணுக்குத் தெரியாது. விலையைச் சொன்னால் சாதாரண 24 இன்ச் மானிட்டர் மூன்று வாங்கலாம். இந்தத் தொழிலில் இல்லாவிட்டால் நான் இதை எடுத்திருக்கவே மாட்டேன்.

ஏற்காட்டில் அக்கா வீட்டுக்காக வாங்கியபோது அப்படித்தான் செய்தேன். அவர்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், கீழ்க்கட்டில் இரண்டு அறை விருந்தினர்களுக்கு விடுகிறார்கள். எக்செல் கணக்கு, ரூம் புக்கிங், வாசல் கேமரா, இவ்வளவுதான் வேலை. "உன்னுது மாதிரியே எனக்கும் ஒன்னு எடுத்துக் குடுடா தம்பி" என்றார். வேண்டவே வேண்டாம் அக்கா என்று சொல்லி 24 இன்ச் ஃபுல் எச்டி ஐபிஎஸ் ஒன்று, 100 ஹெர்ட்ஸ், எடுத்துக் கொடுத்தேன். எண்கள் தெளிவாகத் தெரிகின்றன, இரண்டு ஜன்னல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது, வேறென்ன வேண்டும்? மிச்சப் பணத்தில் ஒரு யூபிஎஸ் வாங்க வைத்தேன், மலையில் இடியும் மின்னலுமான மாதங்களில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கும், அங்கே மானிட்டரைவிட யூபிஎஸ் முக்கியம். இடி இடிக்கும்போது பிளக்கையே பிடுங்கிவிடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். 27 இன்ச் எல்இடி மானிட்டரே பொதுவாக 25 முதல் 40 வாட்தான் எடுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்கும். கொண்டுபோகும்போது பெட்டியைப் படுக்க வைக்காமல், பின்சீட்டில் நிமிர்த்தி நிறுத்தி சீட் பெல்ட் போட்டுக் கட்டினோம், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிக்கும் வரை அக்கா மகன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே வந்தான். படுக்க வைத்தால் மேலே ஏதாவது விழுந்தோ, குலுங்கியோ பேனல் விரிசல் விடும், இதை இருசக்கர வண்டியில் கொண்டுபோகிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான், கேம் விளையாட 27 இன்ச் க்யூஎச்டி 180 ஹெர்ட்ஸ் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் கம்ப்யூட்டரில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு அதைத் தள்ளாது. க்யூஎச்டியில் ஃபுல் எச்டியைவிடப் புள்ளிகள் கிட்டத்தட்ட 1.8 மடங்கு, அத்தனையையும் கார்டுதான் வரைய வேண்டும். 24 இன்ச் ஃபுல் எச்டி 144 ஹெர்ட்ஸ் எடுத்தால் அவன் விளையாட்டு நன்றாக ஓடும். புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம் '1 மில்லிசெகண்ட்' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள், அது எப்படி அளந்தது என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

32 இன்ச் டிவியை மானிட்டராகப் போட்டுக்கொள்ளலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். மலிவான 32 இன்ச் டிவிகள் பல 1366க்கு 768 புள்ளிதான், இன்ச்சுக்கு 50 புள்ளிகூட வராது. பல டிவிகள் நிறத் தகவலைப் பாதியாக்கித்தான் காட்டும், கறுப்பில் சிவப்பு எழுத்து போட்டால் ஓரமெல்லாம் சிந்தியிருக்கும். பள்ளிப் பிள்ளை வீடியோ பாடம் பார்க்கச் சரி. எழுத்து வேலைக்கு வேண்டாம்.

வாங்கும்போது பில்லை ஜிஎஸ்டியோடு வாங்குங்கள், மூன்று வருட வாரண்டி என்று சொல்லும் மானிட்டர்களுக்கு அந்தப் பில்தான் ஆதாரம். முன்பு 32 இன்ச்சுக்கு மேற்பட்டதற்கு 28 சதவீத வரி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். செத்த புள்ளி எத்தனை இருந்தால் மாற்றித் தருவார்கள் என்பதைப் பணம் கொடுக்கும் முன் கேளுங்கள், ஒன்றிரண்டு இருந்தால் மாற்றமாட்டோம் என்கிற கம்பெனிகளும் உண்டு. பெட்டியைக் கடையிலேயே திறந்து, அந்த ஐந்து வெற்றுப் படங்களை ஓட்டிப் பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். எனக்கு அந்த மூன்றாவது கடைப் பையன், நான் கேட்காமலே செய்து காட்டினான்.

துடைக்க உலர்ந்த மென்மையான துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரைமேல் நேராக அடிக்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும், கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் பேனலே போய்விடும்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்கு வந்திருந்தார், புது டிசைனைத் தறிக்கு ஏற்றும் முன் பார்த்துவிட்டுப் போக. அவருக்கு எழுபதை நெருங்குகிறது, கண்ணாடி போட்டும் கிட்டத்துப் பார்வை சிரமம். திரையை நிமிர்த்தி, அவர் உட்கார்ந்த உயரத்துக்கு இறக்கி வைத்தேன். நாற்காலியில் சாய்ந்தபடியே கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு எழுந்து வந்து அன்னப்பறவையின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இந்த எடத்துல ஒரு கட்டு குறையுது கண்ணு." பெரிதாக்கிப் பார்த்தேன், குறைந்திருந்தது. அங்கேயே போட்டுவிட்டு, அவர் டீ குடித்து முடிப்பதற்குள் டிசைனை அட்டை குத்துகிறவருக்கு அனுப்பிவிட்டேன்.